இணையத்தின் கதவிலக்கம்

பள்ளியிறுதிச் சான்றிதழில் 'இடது முழங்கையில் ஒரு மச்சம்', 'வலப் புருவத்தின்மேல் ஒரு தழும்பு' என்று அங்க அடையாளங்கள் எழுதப்படுவதை நீங்கள் அறிவீர்கள். பள்ளியில் சேரும்போது எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தில் கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று வீட்டு முகவரியும் இருந்திருக்கும். மச்சம் ஆளைக் காட்டும். அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதைக் காட்டாது. முகவரி இடத்தைக் காட்டும். அந்த இடத்தில் இன்று இருப்பவர் யார் என்பதைக் காட்டாது. வீடு மாறினால் முகவரி மாறும், மச்சம் மாறாது. இந்த வேற்றுமையை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இணையம் என்னும் பெருவலையை அமைத்தவர்களும் இதனை நன்றாக அறிந்திருந்தார்கள். அறிந்திருந்தும், ஆளைக் காட்டும் வேலையையும் இடத்தைக் காட்டும் வேலையையும் ஒரே எண்ணின் தோளில் ஏற்றிவிட்டார்கள். அந்த எண் எவ்வாறு பிறந்தது, யார் அதனை ஏட்டில் எழுதிக் காத்தார்கள், எவ்வாறு அது பற்றாமற் போயிற்று என்பவற்றையே நான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நமக்குப் பழகிய ஓர் எண்ணைப் பார்ப்போம். 1972 ஆகஸ்டு 15 ஆம் நாள் நம் நாட்டு அஞ்சல் துறை ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மதுரைத் தலைமை அஞ்சலகத்தின் எண் 625001. தில்லியில் கடிதங்களைப் பிரிக்கும் ஊழியர் முதல் இலக்கமாகிய 6 என்பதைக் கண்டதும் அதனைத் தென்திசைக் கட்டில் சேர்த்துவிடலாம். மதுரையின் மாசி வீதிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது அவருக்குத் தெரியவேண்டியதில்லை. கடிதம் தெற்கே வந்த பிறகு 625 என்னும் மூன்று இலக்கங்கள் மதுரைப் பகுதியைக் காட்டும். கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தைக் காட்டும். கடிதம் இடத்தை நெருங்க நெருங்க, எண்ணின் பிற்பகுதி பயனுக்கு வருகிறது. இந்த முறையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

இணையத்தின் மூதாதையாகிய ஆர்ப்பாநெட் 1969 ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றியது. அவ்வாண்டு அக்டோபர் 29 ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதற்செய்தி அனுப்பினார்கள். 'லாகின்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துக்கள் போய்ச் சேர்ந்தன. உடனே மறுமுனைக் கணிப்பொறி நின்றுவிட்டது. அவ்வாண்டின் முடிவில் சாந்தா பார்பராவும் யூட்டாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நான்கு இடங்கள் இணைந்தன. அவற்றின் எண்கள் எவை தெரியுமா? 1, 2, 3, 4. அவ்வளவுதான். நான்கு வீடுகள் மட்டுமே உள்ள ஊரில் வேறு எப்படி எண்ணிடுவது!

ஆயினும் அந்தச் சிறிய எண்ணுக்குள்ளேயே ஒரு நுட்பம் இருந்தது. கணிப்பொறியின் உலகில் எல்லாம் சுழியும் ஒன்றுமே. ஒரு சுழியோ ஒன்றோ அமர்வதற்குரிய இருக்கைக்கு 'பிட்' என்று பெயர். ஓர் இருக்கை கூடினால் எண்ணிக்கை இரு மடங்காகும். ஆர்ப்பாநெட்டின் முகவரிக்கு 8 பிட்டுகள் ஒதுக்கினார்கள். அவற்றுள் 6 பிட்டுகள், கணிப்பொறி எந்த இணைப்புப் பெட்டியோடு பூட்டப்பட்டுள்ளது என்பதைக் கூறின. மற்ற 2 பிட்டுகள், அந்தப் பெட்டியின் நான்கு துளைகளுள் எதில் அது செருகப்பட்டுள்ளது என்பதைக் கூறின. ஆகவே அந்த எண் தொடக்க முதலே இடத்தின் எண். கணிப்பொறியைக் கழற்றி வேறொரு பெட்டியில் பூட்டினால் அதன் எண்ணும் மாறிவிடும். வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இது வியப்பாக இராது.

மாறுகின்ற எண்ணை மனிதர் எத்தனை நாள் நினைவில் வைத்திருக்க முடியும்? ஆகவே ஒவ்வொரு நிலையத்தாரும் எண்களுக்கு எதிரே பெயர்களை எழுதித் தத்தமக்கென ஒரு பட்டியல் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் பட்டியலுக்கும் மற்றொருவர் பட்டியலுக்கும் ஒற்றுமை இல்லை. பல பட்டியல்கள் பழையனவாகிக் கிடந்தன. 1973 டிசம்பரில் பொறியாளர் ஒருவர் பொறுமை இழந்து, இந்த அபத்தத்துக்கு ஒரு முடிவு கட்டுங்கள், எல்லார்க்கும் பொதுவாக ஒரே பட்டியல் இருக்கட்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். அந்தப் பொதுப் பட்டியலை வைத்துக் காக்கும் பொறுப்பு ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்த செய்தி நடுவத்துக்கு வந்தது. அந்த நடுவத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையார்.

இவரைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். இவர் கணிப்பொறி படித்தவர் அல்லர், வேதியியல் படித்தவர். வேதியியற் கட்டுரைகளைத் தொகுத்துச் சுருக்கும் பணியில் முன்னர் இருந்தவர். எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லும் நூலகக் கலையே அவருடைய கலை. 1972 இல் அந்நிலையத்தில் இந்தப் பணிக்கு வந்த அவர், வலையில் எவையெவை உள்ளன என்பதற்கு ஒரு கையேடு தொகுத்தார். பின்னர்ப் பெயர்ப் பட்டியலையும் ஏற்றார். புதிய கணிப்பொறி ஒன்றை வலையில் சேர்க்க விரும்புவோர், அலுவலக நேரத்தில் அந்த நடுவத்துக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். அல்லது மின்கடிதம் எழுதவேண்டும். 'இந்தப் பெயர் முன்னமே ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, வேறு பெயர் சொல்லுங்கள்' என்பது அங்கிருந்து அடிக்கடி கேட்கக்கூடிய மறுமொழி. கேட்டவர்க்குப் பெயர் பதிவாகும். பட்டியல் திருத்தப்படும். எல்லா நிலையத்தாரும் அதனைப் படியெடுத்துக்கொள்வார்கள். இன்று கோடிக்கணக்கான பெயர்களும் எண்களும் புழங்கும் ஒரு பெருஞ்சந்தை, ஒரு காலத்தில் ஓர் அம்மையாரின் அலுவலக ஏடாக இருந்தது. கிராம முன்சீப்பின் பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் போன்றதே அது. ஏட்டில் இல்லாதவர் ஊரில் இல்லாதவர்!

இதற்கிடையில் வேறொரு சிக்கல் எழுந்தது. ஆர்ப்பாநெட் ஒரு வலை. வானொலி அலைகளால் இயங்கும் வலை ஒன்றும், செயற்கைக்கோள் வழியாக இயங்கும் வலை ஒன்றும் தனித்தனியே உருவாகி வந்தன. அவை ஒன்றோடொன்று பேசவேண்டுமானால், வலைகளுக்கெல்லாம் பொதுவான முகவரி வேண்டும். வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு வழி கூறினார்கள். எந்த வலை என்பதைக் குறிக்க 8 பிட்டுகள் ஒதுக்கினார்கள். 8 பிட்டுகளால் 256 வலைகளைக் குறிக்கலாம்; கண்ணுக்கெட்டிய காலம் வரை அது போதும் என்று அவர்கள் கருதினார்கள். அவர்களை நாம் நகைக்க வேண்டியதில்லை. கணிப்பொறி ஒன்று ஓர் அறையை அடைத்துக்கொண்டு, ஒரு கல்லூரியின் ஆண்டு வருமானத்தை விழுங்கிய காலம் அது. உலகத்தில் 256 வலைகள் வரும் என்று எதிர்பார்த்ததே பெருங்கனவுதான்.

1977 இல் அந்தக் கனவு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 22 ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ அருகே நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியிலிருந்து வானொலி அலைவழியே செய்தி புறப்பட்டது. ஆர்ப்பாநெட்டினுள் நுழைந்து, செயற்கைக்கோள் வலைவழியே அட்லாண்டிக் கடலைக் கடந்து ஐரோப்பா சென்று மீண்டு, லாஸ் ஏஞ்சல்சுக்கு வந்து சேர்ந்தது. மூன்று வலைகள் ஒன்றாய் இயங்கின. ஓடும் வண்டிக்கும் ஒரு முகவரி உண்டு என்பது அன்று மெய்யாயிற்று.

அதே ஆண்டில்தான் முகவரியின் நீளம் பற்றிய வழக்கும் நடந்தது. சிலர் 32 பிட்டுகள் போதும் என்றார்கள். சிலர் 128 வேண்டும் என்றார்கள். வேறு சிலர், நீளத்தை வரையறுக்கவே வேண்டாம், தேவைக்கேற்ப நீளட்டும் என்றார்கள். நீளம் மாறிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு செய்தியிலும் முகவரி எங்கே முடிகிறது என்று தேடுவதிலேயே பொறியின் நேரம் வீணாகும் என்று நிரல் எழுதுவோர் மறுத்தார்கள். சில நூறு கணிப்பொறிகளுக்கு 128 பிட்டு முகவரியா என்று கேட்டவர்களும் உண்டு. ஓராண்டு வாதிட்டும் உடன்பாடு ஏற்படவில்லை. செர்ஃப் அப்பொழுது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையில் இத்திட்டத்துக்குப் பொறுப்பாளர். பணி நின்றுவிடக் கூடாது என்று எண்ணி, 32 என்று அவர் முடிவு செய்தார். 32 பிட்டுகளால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 எண்கள் கிடைக்கும். அன்று உலகத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 420 கோடி. ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் சிறிது மிஞ்சும்! சோதனைக்கு இது போதாதா என்று எண்ணியதாகவும், சோதனை முடிந்த பிறகு நிலையான அமைப்பை வேறாகக் கட்டலாம் என்று கருதியதாகவும் அவரே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். சோதனை முடியவே இல்லை. சாரத்துக்கு நட்ட மூங்கிலே வீட்டின் தூணாகிவிட்டது.

1978 சனவரியில் ஜான் ஷாக் என்னும் ஆய்வாளர் ஒரு குறிப்பு எழுதினார். பெயர் என்பது நாம் எதனைத் தேடுகிறோம் என்பதைச் சொல்லும்; முகவரி அது எங்கே உள்ளது என்பதைச் சொல்லும்; வழி அங்கே எவ்வாறு செல்வது என்பதைச் சொல்லும் என்று மூன்றையும் பிரித்துக் காட்டினார். இலக்கண ஆசிரியரைப் போல் அவர் வகுத்த இந்தப் பாகுபாட்டை, 1981 செப்டம்பரில் வெளிவந்த இணைய நெறி ஆவணமும் ஏற்றுக்கொண்டது. அந்த ஆவணத்தைப் பதிப்பித்தவர் ஜான் போஸ்டல். நம் கதையின் தலைவர் இவரே என்று சொல்வேன். அவரிடம் வருவதற்கு முன், எண்ணை எவ்வாறு படிப்பது என்பதைப் பார்த்துவிடுவோம்.

203.0.113.25 என்று ஓர் எண் இருப்பதாகக் கொள்வோம். (இது எவருடைய எண்ணும் அன்று. பாட நூல்களில் எடுத்துக்காட்டுவதற்கென்றே ஒதுக்கி வைத்துள்ள எண்களுள் ஒன்று. படிவங்களில் 'இன்னார் மகன் இன்னார்' என்று எழுதுவது போல.) 32 பிட்டுகளை எட்டெட்டாகப் பிரித்து, இடையே புள்ளி வைத்து நான்கு எண்களாக எழுதுகிறோம். எட்டு பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய எண் 255. ஆகவே எந்தப் பகுதியும் அதற்கு மேற்போகாது. இந்த எண்ணில் முதல் மூன்று பகுதிகள் வலையைக் குறிக்கின்றன. கடைசி 25 அந்த வலைக்குள் இருக்கும் பொறியைக் குறிக்கிறது. செய்திகள் இணையத்தில் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே செல்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர் எண், பெறுநர் எண் இரண்டும் இருக்கும். வழியில் உள்ள ரௌட்டர் என்னும் வழிகாட்டிப் பொறி, எண்ணின் முற்பகுதியை மட்டும் பார்த்துப் பொட்டலத்தை அடுத்த ரௌட்டரிடம் தள்ளிவிடும். தில்லி அஞ்சல் ஊழியரை நினைவுகூருங்கள். உலகிலுள்ள எல்லாப் பொறிகளையும் எந்த ரௌட்டரும் அறியாது, அறியவேண்டுவதும் இல்லை.

பொட்டலம் கடைசித் தெருவுக்கு வந்த பிறகுதான் மச்சம் பார்க்கும் வேலை. வலையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே 48 பிட்டு எண் ஒன்று பொறிக்கப்படுகிறது. அது இடத்தைச் சொல்லாது, ஆளைச் சொல்லும். கடைசி ரௌட்டர், 'இந்த முகவரி எண் உங்களில் யாருடையது?' என்று அந்தச் சிறு வலை முழுவதும் கேட்கும்படி கூவும். உரிய பொறி தன் பிறவி எண்ணைச் சொல்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே பிறவி எண் தெருமுனையைத் தாண்டிப் பயணம் செய்வதில்லை. தொலைவில் இருப்பவருக்குத் தெரிவது இட எண் ஒன்றே.

1981 இன் விதிப்படி வலைகளை மூன்று பெருவகையாக்கினார்கள். முதல் வகையில் வலைகள் 128 மட்டுமே. ஆனால் ஒவ்வொன்றிலும் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட எண்கள். இரண்டாம் வகையில் ஒரு வலைக்கு 65,536 எண்கள். மூன்றாம் வகையில் 256. இதில் ஒரு பெருங்குறை இருந்தது. ஆயிரம் கணிப்பொறிகள் உள்ள கல்லூரிக்கு மூன்றாம் வகை போதாது. இரண்டாம் வகை கொடுத்தால் 64,000 எண்கள் வீணாகும். எல்லாரும் இரண்டாம் வகையையே கேட்டார்கள். முதல் வகையோ, பழங்கால அரசர் வழங்கிய இனாம் நிலம் போல், முன்னே வந்து கேட்டவர்க்குக் கிடைத்தது. மொத்த எண்களில் சரிபாதி அந்த 128 பெருநிலங்களிலேயே அடங்கிப்போயிற்று. 18 என்று தொடங்கும் எண்கள் அனைத்தும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு. 36 என்று தொடங்குவன ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்கு. 44 என்று தொடங்குவன உலகெங்குமுள்ள அமெச்சூர் வானொலியாளர்களுக்கு. வானொலியில் பேசும் எனக்கு இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்வதில் தனி மகிழ்ச்சி உண்டு.

1983 சனவரி 1 ஆம் நாள் ஆர்ப்பாநெட் முழுவதும் பழைய நெறியை விட்டுப் புதிய நெறிக்கு மாறியது. மாற்றத்தில் பட்ட பாட்டை நினைத்து, 'நான் பிழைத்து வந்தேன்' என்னும் கருத்துப்பட வில்லைகள் செய்து சிலர் சட்டையில் குத்திக்கொண்டார்களாம்.

இனிப் போஸ்டலிடம் வருவோம். லாஸ் ஏஞ்சல்சில் முதற்கணிப்பொறி இணைக்கப்பட்ட காலத்தில் அவர் அங்கே மாணவர். 1972 மே மாதத்தில் அவர் மிகச் சிறிய குறிப்பு ஒன்றை வெளியிட்டார். வலையில் பயன்படும் சில பொது எண்களை ஆளுக்கொரு விதமாக வைத்துக்கொண்டால் குழப்பம் வரும். அவற்றை வழங்க அதிகாரி ஒருவர் வேண்டும் என்று எழுதி, 'அது நானாக இருக்கலாமோ?' என்னும் பொருளில் ஒரு கேள்விக்குறியையும் போட்டிருந்தார். எவரும் மறுக்கவில்லை. அன்று தொடங்கி 26 ஆண்டுகள் அவர் அந்த ஏட்டைக் காத்தார். நீண்ட தாடியும் காலில் செருப்புமாய் முனிவரைப் போல் தோன்றிய அவரிடம், எந்த வலைக்கு எந்த எண் என்னும் கணக்கு இருந்தது. அதற்காகச் சட்டமோ தேர்தலோ இல்லை. அவர் ஒழுங்காகச் செய்தார், மற்றவர் நம்பினார்கள்.

ஃபைன்லர் அம்மையாரின் பெயர்ப் பட்டியலும் இதற்குள் தாங்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒரு நிலையத்தார் படியெடுத்து முடிப்பதற்குள் மூலப்பட்டியல் மாறிவிடும். போஸ்டல் தம்மோடு பணியாற்றிய பால் மொக்கபெட்ரிஸ் என்பவரிடம் ஐந்து யோசனைகளைக் கொடுத்து, அவற்றை இணக்கி ஒரு வழி சொல்லச் சொன்னார். அவர் அந்த ஐந்தையும் ஒதுக்கிவிட்டுத் தாமே ஆறாவதாக ஒன்றைச் செய்தார். 1983 நவம்பரில் வெளிவந்த அந்த முறையே இன்றும் நடைபெறும் டொமைன் பெயர் முறை. அதன்படி ஒரே ஏடு இல்லை. ஏடுகளின் குடும்பம் உண்டு. பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். கடைசிச் சொல்லுக்குரிய ஏட்டை வேர் ஏடு காட்டும். அந்த ஏடு அடுத்த ஏட்டைக் காட்டும். கடைசியில் உரியவரின் சொந்த ஏடு எண்ணைச் சொல்லும். பொறி வேறிடம் சென்று எண் மாறினாலும் பெயர் அப்படியே நிற்கும். ஆளையும் இடத்தையும் ஓரளவேனும் பிரித்துவைத்த முறை இது. பிற்காலத்தில் நம் மொழிக்கும் அதில் இடம் கிடைத்தது. 2010 இல் 'இலங்கை' என்பதும், 2011 இல் 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்பனவும் தமிழ் எழுத்திலேயே பெயரின் கடைசிச் சொல்லாக வேர் ஏட்டில் ஏறின.

அந்த வேர் ஏட்டைப் பற்றி ஒரு நிகழ்ச்சி உண்டு. 1990-களில் இணையம் வணிகமாயிற்று. பெயர்கள் விலை பெற்றன. வேர் ஏட்டின் மூலப்படி, அரசின் ஒப்பந்தம் பெற்ற ஒரு நிறுவனத்திடம் இருந்தது. 1998 சனவரி 28 ஆம் நாள் போஸ்டல், வேர் ஏட்டின் படிகளை வைத்திருந்த எட்டுப் பேருக்கு மின்கடிதம் எழுதினார். இனி அந்த நிறுவனத்தின் பொறியிலிருந்து படியெடுக்க வேண்டாம், என் பொறியிலிருந்து எடுங்கள் என்றார். அந்த எட்டுப் பேரும் அவ்வாறே செய்தார்கள். இணையத்தில் ஒருவர்க்கும் ஒரு வேறுபாடும் தெரியவில்லை; ஆனால் வாஷிங்டனில் பெருங்கலக்கம் ஏற்பட்டது. அரசினர் கேட்டபோது, அது ஒரு சோதனை என்று போஸ்டல் சொன்னார். சில நாட்களில் பழைய நிலைக்கு மாற்றினார். அவர் செய்தது சரியா என்பதில் இன்றும் இருவேறு கருத்துண்டு. ஒரு மனிதர் கடிதம் எழுதினால் உலகின் பெயரேடு இடம் மாறும் என்பது அச்சந்தரும் செய்திதான். அந்த ஒருவர் அதுவரை தமக்கென எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மையே. அவ்வாண்டு செப்டம்பரில் ஏடுகளைக் காக்க ஐகான் என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. அக்டோபர் 16 ஆம் நாள் போஸ்டல் தம் 55 ஆம் வயதில் காலமானார். தனி மனிதரின் ஏடு, வாரியமும் வழக்கறிஞர்களும் உள்ள அலுவலகத்தின் ஏடாயிற்று.

எண்ணின் பஞ்சம் அதற்கு முன்னமே தொடங்கிவிட்டது. 1993 இல் மூவகைப் பாகுபாட்டை நீக்கி, வேண்டிய அளவுக்கு நிலத்தைத் துண்டாக்கிக் கொடுக்கும் முறை வந்தது. 1994 மே மாதம் வேறோர் உபாயமும் வெளியாயிற்று. பழைய சென்னையின் ஒண்டுக்குடித்தன வீடுகளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கதவு எண் ஒன்று. உள்ளே குடும்பங்கள் பத்து. தபால்காரர் தெருவாசலோடு நின்றுவிடுவார். எந்தக் கடிதம் எந்த அறைக்கு என்பது உள்ளிருப்பவர்க்கே தெரியும். அதுபோல ஒரே பொது எண்ணின் பின்னே பல பொறிகள் ஒதுங்கிக்கொள்ளும் முறை இது. இது குறுங்காலத்துக்கான தீர்வு என்றே இதனைக் கண்டவர்கள் எழுதினார்கள். இன்று உங்கள் வீட்டிலும் கல்லூரியிலும் நடப்பது பெரும்பாலும் இதுவே. கைப்பேசி நிறுவனங்களில் ஒரே எண்ணைப் பல வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இதனால் விளைவது என்ன? எண் ஆளைக் காட்டும் என்று நம்புகிறவர் ஏமாறுவார். எண் நில உலகில் ஓர் இடத்தையாவது திட்டமாகக் காட்டும் என்று நம்புகிறவரும் ஏமாறுவார். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த எண் எந்த ஊரில் பயன்படுகிறது என்று ஊகித்துப் பட்டியல் விற்கும் நிறுவனம் ஒன்று அந்நாட்டில் இருந்தது. 'அமெரிக்காவில் எங்கோ' என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத எண்களுக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி வேண்டுமே! நாட்டின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிடலாம் என்று, 2002 இல், அதனை ஒட்டி அட்சரேகையும் தீர்க்கரேகையும் முழு எண்களாக அமையும் ஓர் இடத்தைக் குறித்தார்கள். அந்த இடம் ஒரு பண்ணை வீட்டின் முற்றத்தில் விழுந்தது. காலப்போக்கில் 60 கோடி எண்கள் அந்த வீட்டைச் சுட்டின. எங்கோ ஒருவன் மோசடி செய்தால், காவலர் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். காணாமற்போன பிள்ளைகளைத் தேடியும், தற்கொலை செய்யப்போவதாக எழுதியவரைக் காக்கவும், வரி ஏய்த்தவரைப் பிடிக்கவும் ஆட்கள் வந்தார்கள். திருட்டுக் கொடுத்தவர்கள் வந்து வசைபாடினார்கள். வீட்டாருக்குக் காரணமே விளங்கவில்லை. இந்த வீட்டாரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று அப்பகுதிக் காவல் தலைவர் வாசலில் பலகை வைக்கும்படி ஆயிற்று. 2016 இல் ஒரு பத்திரிகையாளர் காரணத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அதன் பிறகு அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே மாற்றிவைத்தார்கள். இதனைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம். மீன்களிடம் எந்தக் காவலரும் விசாரணைக்குப் போகமாட்டார்.

எண் இருப்பு முடிந்த நாளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 2011 பிப்ரவரி 3 ஆம் நாள் மயாமி நகரில் ஒரு சிறு விழா எடுத்து, மிஞ்சியிருந்த ஐந்து பெருந்தொகுதிகளை உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு ஒவ்வொன்றாக வழங்கினார்கள். நம் இந்தியா சேர்ந்துள்ள ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பதிவகம் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் உள்ளது. அவ்வாண்டு ஏப்ரல் 15 ஆம் நாளிலேயே அங்கே பங்கீட்டு முறை வந்துவிட்டது. இலவசமாகக் கிடைத்த எண்கள் விலைப்பொருளாயின. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம், பஞ்சம் முற்றும் முன்னரே, 2000 ஆம் ஆண்டில், தன் 36 ஆம் பெருநிலத்தைப் பொதுவுக்குத் திருப்பிக் கொடுத்தது. மாசசூசெட்ஸ் கழகம் தன் 18 ஆம் நிலத்தில் ஏறத்தாழப் பாதியை 2017 இல் விற்றது. வானொலியாளர்களின் 44 ஆம் நிலத்திலும் காற்பங்கு 2019 இல் விலையாயிற்று. முன்னவரைப் போலவே பின்னவர்களும் செய்திருக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முன்னவர் செய்ததை மறந்துவிடக் கூடாது.

1977 இல் தோற்றுப்போன 128 பிட்டு முகவரிதான் இந்தப் பஞ்சத்துக்கு மருந்தாக வந்தது. 1995 டிசம்பரில் அதன் முதல் விதிகள் வெளியாயின. அதில் கிடைக்கும் எண்களின் தொகையை எழுதினால் 39 இலக்கங்கள் வரும். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றையொன்று நேரே புரிந்துகொள்ளா. ஆகவே மாற்றம் 1983 இல் நடந்ததுபோல் ஒரே நாளில் நடக்கவில்லை. இரண்டும் அருகருகே ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய எண்களை மிகுதியாகப் பெறாமல் பின்னே வந்த நம் நாடு, புதிய எண்ணை மிகுதியாகப் பயன்படுத்தும் நாடுகளுள் ஒன்றாக இருக்கிறது.

முடிக்கும் முன் ஒரு செய்தி. ஆர்ப்பாநெட்டுக்குக் கிடைத்த வலை எண் 10. ஆர்ப்பாநெட்டை 1990 இல் மூடிவிட்டார்கள். ஆள் இல்லாத அந்த நிலத்தை என்ன செய்வது? ஒண்டுக்குடித்தனத்தின் உள்ளறைகளுக்கு, வெளியே செல்லாத எண்களாக, எவர் வேண்டுமானாலும் கேட்காமலே வைத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டுவிட்டார்கள். உங்கள் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்துக்குச் சென்று, ஒரு பொறியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அதன் முகவரியைப் பாருங்கள். சில இடங்களில் அது 192.168 என்று தொடங்கலாம். 10 என்று தொடங்குமானால், லாஸ் ஏஞ்சல்சும் ஸ்டான்போர்டும் சாந்தா பார்பராவும் யூட்டாவும் குடியிருந்த வீட்டின் கதவிலக்கம் அதுவே.